மற்றக் காலின் படம்

ஆறாப் புண்ணுக்கு மருந்து கட்டும் தொழிலில் மருந்துக்கு முன்னதாக வருவது புண்ணைப் பார்க்கும் வேலை. சென்ற கிழமைக்கும் இந்தக் கிழமைக்கும் இடையில் அது எவ்வளவு மாறியது, மாறியது ஆறும் பக்கமாகவா அழுகும் பக்கமாகவா என்பதைத் திட்டமாகச் சொல்ல முடியாதவிடத்து, விலையுயர்ந்த மருந்தும் கட்டுத்துணியும் குருட்டாம்போக்கிலேயே செலவாகின்றன. நீண்ட காலமாக இந்தப் பார்வைக்குத் துணைநின்றவை கண்ணும் மூக்கும் விரல்நுனியும் ஒரு காகித அளவுகோலுமே. ஒளியைச் செலுத்தித் தோலின் உள்ளே நிகழ்வதைப் படமாக்கும் முறைகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன; அவை எதைக் காட்டுகின்றன, கறுத்த தோலில் எங்கே பிழைக்கின்றன, அவை எட்டாத ஓர் அறையில் அவற்றின் ஒழுங்கை மட்டுமாவது எப்படிக் கைக்கொள்ளலாம் என்பவை திருகோணமலை போன்ற மாவட்டமொன்றில் இத்தொழில் செய்வோருக்கு அன்றாடக் கேள்விகளாகும்.

துறைமுகத்தைச் சூழ்ந்த கிண்ணியா, மூதூர், சீனக்குடா, உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளிலிருந்து மருந்து கட்டும் அறைகளுக்கு வரும் புண்கள் அந்தக் கரைகளின் தொழிலையும் வெயிலையும் அப்படியே சுமந்து வருபவை. திருக்கை முள் ஏறிய கணுக்கால், கெளிற்று முள் தைத்த உள்ளங்கை, கரைவலைக் கயிறு அறுத்த விரலிடுக்கு, ஈரச் சீமெந்து அரித்த முழங்கால், சலரோகத்தால் உணர்ச்சி மரத்துப்போன பாதம் நண்பகல் மணலிலோ கோணேசர் மலையின் சுடுகல்லிலோ வெந்து எழுந்த கொப்புளம் என அவை பலவகைப்படும். இவற்றுள் பெரும்பாலானவை மேலே தெரிவதைவிட ஆழமானவை. திருக்கையின் நஞ்சு புரதத்தாலானது. சூட்டில் அது சிதையும் என்பதாலேயே குத்துப்பட்ட காலைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் வைக்கும் முதலுதவி பலன் தருகிறது. ஆயினும் நஞ்சு பரவிய இடத்தில் இழையம் உள்ளே செத்துக்கொண்டிருக்க, மேலே ஒரு விரற்கடைத் துளை மட்டுமே தெரியும். சீமெந்தின் காரமும் அவ்வாறே பல மணித்தியாலங்கள் உள்நோக்கி அரிக்கும். நோவு பிந்தியே வருவதால் தொழிலாளியும் பிந்தியே வருவார்.

தோல் ஆறும் முறை ஒன்றன்மேல் ஒன்று படியும் நான்கு கட்டங்களைக் கொண்டது. அறுந்த கணத்தில் குருதிச் சிறுதட்டுகள் கூடி அடைப்பிடுகின்றன. அடுத்த சில நாட்கள் வெண்குழியங்கள் வந்து செத்ததையும் கிருமியையும் தின்று துப்புரவாக்குகின்றன, இதுவே அழற்சி. பின்னர் நுண்ணிய குருதிக்குழாய்கள் வளையம் வளையமாக முளைத்து, சிவந்த மணிகள் அடுக்கியது போன்ற சிறுமணி இழையம் குழியை நிரப்ப, விளிம்பிலிருந்து மேற்றோல் கலங்கள் அதன்மேல் ஊர்ந்து வந்து மூடுகின்றன. கடைசியாக, அவசரத்துக்குப் போடப்பட்ட மூன்றாம் வகைக் கொலாஜன் நார்களை அகற்றி வலிமையான முதலாம் வகை நார்களை இடும் நீண்ட திருத்த வேலை நடக்கிறது. மூன்று கிழமையில் வடுவின் வலிமை பழைய தோலின் மூன்றில் ஒரு பங்கையே எட்டும். மூன்று மாதத்தில் நூற்றுக்கு எண்பது வரை வரும். அதற்கு மேல் ஒருபோதும் ஏறாது. மூடிவிட்டது என்று கண் சொல்லும் நாளில் உள்வேலையின் பெரும்பகுதி இன்னும் கிடக்கிறது என்பதைக் காட்டும் இந்தக் கணக்கே, மேற்பரப்போடு நின்றுவிடாத ஒரு பார்வை ஏன் வேண்டும் என்பதற்குப் போதிய காரணமாகும்.

தோல் ஒளிபுகாத் தடுப்புச் சுவரன்று. இரவில் வலைக்குப் போகும் எவரும் டோர்ச்சின் முகப்பை உள்ளங்கையால் பொத்தியபோது விரல் விளிம்புகள் செக்கச்செவேலென ஒளிர்வதைக் கண்டிருப்பர். குருதியிலுள்ள ஈமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை வெளியே விடுவதாலேயே அந்த நிறம் வருகிறது. ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினும் ஏறாத ஈமோகுளோபினும் ஒரே அளவில் விழுங்குவதில்லை: 660 நனோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளியை ஒட்சிசன் இழந்த குருதி கூடுதலாக விழுங்கும், 940 நனோமீற்றர் செங்கீழ் ஒளியில் அந்த வேறுபாடு தலைகீழாகும். விரலில் கவ்வும் ஒட்சிசன் மானி இந்த இரண்டையும் ஒப்பிட்டே கணக்குச் சொல்கிறது. ஒரு புள்ளியில் எடுக்கும் அந்த அளவைப் புண் முழுவதிலும் புள்ளிதோறும் எடுத்து நிறப்படமாக விரிப்பதே பல்நிறமாலைப் படமெடுப்பு எனப்படுவது. விழுங்கப்படாத ஒளியோ உள்ளே நேர்கோட்டில் போவதில்லை, நார்களிலும் கலங்களிலும் மோதிச் சிதறுகிறது. 1921 இல் கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. இராமன் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு எழுப்பிய கேள்வியும் சிதறல் பற்றியதே. 1928 பெப்ரவரி 28 இல் கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனோடு அவர் கண்ட விளைவு, சிதறும் ஒளியின் மிகச் சிறு பங்கு மூலக்கூறுகளுக்கேற்ப நிறம் மாறி வருகிறது என்பதாகும். புண்ணில் கொலாஜன் எவ்வளவு படிந்துள்ளது என்பதைத் தோலை வெட்டாமல் அறிய இன்று ஆய்வுகூடங்கள் பயன்படுத்தும் வழிகளுள் அதுவும் ஒன்று.

இவ்வளவும் இருக்க, மாவட்டத்தில் பெரும்பாலான புண்களை இதுவரை பதிவுசெய்த ஒளிக்கருவி தாதியரின் கைத்தொலைபேசிக் கமராவே. அதுவும் ஓர் ஒளிப்பட முறைதான் என்பதையும், ஆகவே அதற்கும் அளவுத்திருத்தம் வேண்டும் என்பதையும், இவ்வரிகளை எழுதுபவர் ஒரு தவறின் வழியாகவே கற்றார். பெயர் குறிப்பிடத் தேவையில்லாத ஒரு மருந்து கட்டும் அறையில், சலரோகமுள்ள கரைவலைத் தொழிலாளி ஒருவரின் பாதப் புண் கிழமைக்கொரு முறை படமெடுக்கப்பட்டு வந்தது. முதல் இரண்டு படங்கள் வெள்ளை விரிப்பின்மேல் யன்னலோர வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. அடுத்த இரண்டும் சத்திரசிகிச்சைப் பச்சைத் துணியின்மேல் எடுக்கப்பட்டவை. வரிசையாக வைத்துப் பார்த்தபோது புண்ணின் அடித்தளம் வெளிறலிலிருந்து நல்ல சிவப்புக்கு மாறி வருவதாகத் தோன்றியது. சிறுமணி இழையம் சிவப்பதென்றால் குருதி வருகிறது என்பது பொருளாகையால், கட்டு மாற்றப்படாமல் அதே மருந்து தொடர்ந்தது. உண்மையில் சிவந்தது புண்ணன்று. கைத்தொலைபேசியின் கமரா, சட்டகத்துள் ஒரு நிறம் மிகுந்திருந்தால் அது வெளிச்சத்தின் குற்றம் என எண்ணி எதிர் நிறத்தைக் கூட்டிச் சமப்படுத்தும் வகையில் அமைந்தது. பச்சைத் துணி சட்டகத்தை நிறைத்தபோது அது செந்நிறச் சாயலைக் கூட்டிவிட்டது. பாதத்துக்குக் குருதி கொண்டுவரும் நாடியை மீண்டும் தொட்டுப் பார்த்திருக்க வேண்டிய இரண்டு கிழமைகள் அவ்வாறு கழிந்தன. “நோகேல்லை மிஸ், அதாலதான் நானும் கவனிக்கேல்லை” என்று அவர் பிறகு சொன்னார். சின்ன விரலை எடுக்க வேண்டி வந்தது.

அந்த நாளுக்குப் பின் அவ்வறையில் பிறந்த வழக்கம் எளியது. விரிப்பு எப்போதும் சாம்பல் நிறம். யன்னல் சாத்தப்பட்டு ஒரே விளக்கு. கமராவின் மின்வெட்டொளி நிறுத்தப்பட வேண்டும், ஏனெனில் ஈரப் புண்ணில் அது பட்டு மினுங்கி அடித்தளத்தை மறைத்துவிடும். புண்ணின் அருகே அதே மட்டத்தில் காகித அளவுகோல். எல்லாவற்றுக்கும் மேலாக, புண்பட்ட காலோடு மற்றக் காலும் ஒரே சட்டகத்துள் வரும் ஒரு படம். வெளிச்சமும் கமராவும் சேர்ந்து நிறத்தைப் பிறழ்த்தினாலும் இரண்டு கால்களும் ஒன்றாகவே பிறழும். அவற்றுக்கிடையிலான வேறுபாடு மட்டும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். வேறெந்தக் கருவியையும்விட இந்த ஒரு பழக்கத்திலிருந்தே அவ்வறையில் உள்ளவர்கள் கூடுதலாகக் கற்றனர் என்று சொல்வது மிகையாகாது.

அளவு பற்றியும் ஒரு சொல். நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பரப்பு எழுதும் பழக்கம் எங்கும் உள்ளது; நான்கு சென்ரிமீற்றர் நீளமும் மூன்று சென்ரிமீற்றர் அகலமுமான புண்ணுக்குக் கிளினிக் கொப்பியில் பன்னிரண்டு என்று விழும், ஆனால் முட்டை வடிவப் புண்ணின் மெய்ப்பரப்பு ஒன்பதரைக்குக் கிட்டத்தான் இருக்கும். கமரா முப்பது பாகை சரிந்தாலே பரப்பு நூற்றுக்குப் பதின்மூன்று குறைந்து தெரியும். ஒரு கிழமை நேராகவும் மறு கிழமை சரித்தும் எடுத்த படங்கள் ஆறாத புண்ணை ஆறுவதாகக் காட்டிவிடும். இது சில்லறை விடயமன்று. சலரோகப் பாதப் புண்ணின் பரப்பு முதல் நான்கு கிழமைகளில் பாதியாகக் குறையாவிட்டால் பன்னிரண்டு கிழமையில் அது ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது 2003 இல் வெளியான ஆய்வொன்றுக்குப் பின் உலகெங்கும் கைக்கொள்ளப்படும் விதி. அந்த நான்காம் கிழமைத் தீர்மானம் அளவின் நேர்மையில்தான் தங்கியுள்ளது.

கறுத்த தோல் பற்றி இத்தொழிலின் பாடநூல்கள் சொல்லாமல் விட்டது அதிகம். புண்ணைச் சுற்றிச் சிவந்தால் கிருமித்தாக்கம் என்று அவை கற்பிக்கின்றன. மூதூர்க் கரையில் வெயிலில் காய்ந்த முழங்காலில் அந்தச் சிவப்பு தெரிவதில்லை, ஊதாவாகவோ சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கூடிய கருமையாகவோ, பல வேளைகளில் வெறும் மினுக்கமாகவும் சூடாகவும் மட்டுமே தெரிகிறது. தோமஸ் பிற்ஸ்பற்றிக் 1975 இல் வகுத்த தோல்வகை அட்டவணை முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே ஆனது. பழுப்பும் கறுப்பும் ஐந்தாம் ஆறாம் வகைகளாகப் பின்னரே ஒட்டப்பட்டன. கண்ணுக்கு நேர்ந்த இந்தக் குறை கருவிக்கும் நேர்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 டிசெம்பரில் வெளியிட்ட கணக்கின்படி, ஒட்சிசன் மானி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளருள் குருதியில் உண்மையில் 88 இற்கும் கீழே இறங்கியிருந்தோர் வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 பேர், கறுப்பினத்தவரில் 11.7 பேர். ஒளியால் அளக்கும் எந்தக் கருவியும், அது அளவுத்திருத்தம் பெற்ற தோலையே தன்னுள் கொண்டு வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் மெலனின் எங்கே இருக்கிறது என்பதை அறிந்தால் சிக்கல் பாதி அவிழும். அந்த நிறப்பொருள் மேற்றோலில் மட்டுமே உள்ளது. மேற்றோல் உரிந்துபோன புண்ணின் அடித்தளத்தில் அது இல்லை. ஆகவே அடித்தளத்தின் நடுவில் ஒளி எல்லா மனிதரிடத்தும் ஏறத்தாழ ஒரே வகையாகவே நடக்கிறது, பிழை விளிம்பிலும் சுற்றுத்தோலிலும்தான் நுழைகிறது. அலைநீளம் கூடக்கூட மெலனின் விழுங்குவது குறைவதால் செங்கீழ் ஒளியில் பிழை சிறுக்கும், ஊதாவில் பெருக்கும். இங்கேயும் மற்றக் கால் உதவுகிறது: அதே மனிதரின் அதே இடத்துத் தோலை முதலில் அளந்து, அதைச் சுழியமாகக் கொண்டு புண்பக்கத்தை வாசித்தால் கருமையின் பங்கு பெரிதும் கழிந்துவிடும். இரு கால்களிலும் குருதியோட்டம் கெட்டுப்போனவரிடம் இந்த உபாயம் ஏமாற்றும். சலரோகம் முற்றியவர்களில் அதுவே வழமையாகையால், அவர்களுக்கு முன்கையின் உட்புறத்தை ஒப்புநிலையாகக் கொள்வது நல்லது.

ஊதா ஒளியைக் கொண்டு கிருமியைக் காணும் முறை, பார்ப்பவரை முதல் தரத்திலேயே பிடித்துக்கொள்ளும். 405 நனோமீற்றர் ஊதா ஒளி பட்டதும் பல பற்றீரியாக்கள் தம்முள் உண்டாக்கும் போர்பைரின் என்ற பொருள் சிவப்பாக ஒளிர்கிறது. அழுகலின் இனிப்பு நாற்றத்தால் தாதியர் அறியும் சூடோமோனாஸ் இனம் நீலப்பச்சையாக மின்னுகிறது. கொலாஜன் மங்கிய பச்சையாக நிற்கிறது. ஒரு கிராம் இழையத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் பற்றீரியாக்களுக்கு மேல் சேர்ந்தால் அந்த ஒளிர்வு கமராவுக்கு எட்டும். ரொறன்ரோவில் ரால்ப் டகொஸ்ரா குழுவினர் இதைக் கையடக்கக் கருவியாக்கினர். சென்னை இராயபுரத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954 இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையிலிருந்து, பாதப் புண்களின் இத்தகைய தன்னொளிர்வுப் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் வாசிக்கும் கருவியொன்றை ஆராய்ந்த கட்டுரை 2021 இல் வந்தது. தமிழ்நாட்டு நோயாளரின் தோலில், தமிழ்நாட்டுப் புண்களில் அது ஆராயப்பட்டது என்பது திருகோணமலைக்கு மிகப் பொருத்தமான செய்தி.

அத்தகைய கருவியொன்றைச் சென்னையில் கையில் பிடித்துப் பார்த்தபோது எழுதுபவருக்கு ஊர் நினைவை உடனே கொண்டுவந்தது மஞ்சள். வீட்டில் மஞ்சள் அப்பிக்கொண்டு வந்த புண் ஊதா ஒளியில் பளீரென மஞ்சட்பச்சையாக எரிந்தது. மஞ்சளின் நிறப்பொருள் தானே ஒளிர்வது என்பதால் கிருமியும் கொலாஜனும் அதனடியில் காணாமற்போயின. கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் புண்ணுக்கு மஞ்சள் வைக்காத வீடு அரிது. ஆகவே இக்கருவி வந்தால் அதனோடு முதலில் வரவேண்டியது உப்புநீரால் நன்றாகக் கழுவும் பொறுமை. அடுத்தது இருட்டு, ஏனெனில் ஒளிர்வு மிக மங்கியது, யன்னற் கண்ணாடி உடைந்த அறையில் தடித்த விரிப்பைத் தொங்கவிட்டாலன்றி ஒன்றும் தெரியாது. போர்பைரின் உண்டாக்காத இசுரெப்ரோகொக்கசு போன்ற கிருமிகள் இதில் சிவப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. சிவப்பில்லை என்பதற்காகக் கிருமியில்லை என எழுதுவது பெரும் பிழை.

எரிகாயத்திலும் சீமெந்துப் புண்ணிலும் கேள்வி வேறு: உள்ளே குருதி ஓடுகிறதா? நகரும் செங்குழியத்தில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியின் அதிர்வெண் சிறிதே மாறுகிறது. அதைப் படமாக்கும் லேசர் டொப்ளர் முறையைப் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2011 இல் எரிகாயத்துக்குப் பரிந்துரைத்தது. இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் எடுத்த படம், காயம் பதினான்கு நாளில் தானாக ஆறுமா, இருபத்தொரு நாளையும் தாண்டுமா, தோலொட்டு வேண்டுமா என்பதை முன்கூட்டியே சொல்கிறது. பழகிய கண்களும் நான்கில் ஒரு முறையாவது தவறும் இடம் அது. லேசர் பட்ட பரப்பில் தெரியும் மணல் போன்ற மினுமினுப்பு, அடியில் குருதி ஓடுமிடத்தில் கலங்கிப்போவதைக் கொண்டு ஓட்டத்தை அளக்கலாம் என்று பெர்ஷரும் பிரையர்சும் 1981 இல் காட்டினர். கருவி மலிவது இந்த வழியில்தான்.

ஆழத்தைக் குறுக்குவெட்டாகக் காட்டுவது ஒளியியல் ஒத்திசைவுத் துண்டுப்படம், கண் சிகிச்சைப் பிரிவுகளில் ஓ.சி.டி. என வழங்குவது. அல்ட்ராசவுண்ட் ஒலியின் எதிரொலியைக் கேட்பது போல இது ஒளியின் எதிரொலியைக் கேட்கிறது. ஒளி போய்த் திரும்பும் நேரம் நேரடியாக அளக்க முடியாத அளவு சிறிதாகையால், திரும்பிய ஒளியை ஒப்புக்கதிரொன்றோடு தலையிடச் செய்து தூரத்தை அறிகிறது. 1991 இல் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் புஜிமோட்டோ முதலியோர் அறிவித்த இம்முறை தோலில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை இறங்கி, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு நுணுக்கத்தில் காட்டும். பொருக்கின் கீழே மேற்றோல் நாக்குப்போல் நீண்டு வருவதைப் பொருக்கைப் பெயர்க்காமலே பார்க்கலாம் என்பதே புண் பார்ப்போருக்கு இதன் அருமை. ஆறிவிட்டதா எனப் பார்ப்பதற்காகப் பெயர்த்த பொருக்குகளோடு எத்தனையோ புதுத்தோல்கள் கிழிந்துள்ளன. புஜிமோட்டோவிடம் பயின்ற ஸ்டீபன் பொப்பார்ட், இலினோய் பல்கலைக்கழகத்தில் இதனோடு பல்ஃபோட்டோன் நுண்நோக்கியையும் இணைத்து, உயிருள்ள எலியின் தோலில் ஒரே இடத்தைத் தொடர்ந்து படமெடுத்துக் கலங்களின் வருகையையும் நார்களின் படிவையும் பின்தொடர்ந்தார். நாள்தோறும் மிகச் சரியாக அதே இடத்துக்குத் திரும்பி வருவதே இத்தகைய வேலையின் அடிப்படை. திருகோணமலை அறையின் அளவுகோலும் சாம்பல் விரிப்பும் வேண்டுவதும் அதுவே.

ஆனால் இம்மாவட்டத்தில் கருவி திரும்பி வந்தாலும் நோயாளி திரும்பி வருவது உறுதியில்லை. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை பாதையில் ஏறிக் கடந்தவர்கள் இன்று பஸ்ஸில் வருகின்றனர், அது பெரிய ஆறுதல். பருவம் பார்த்து நீர்கொழும்பு, புத்தளம் பக்கத்திலிருந்து வந்து வாடி போட்டுத் தொழில் செய்வோரோ, வாடைக் காற்று எழும்பியதும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். நான்காம் கிழமைப் படம் இல்லாமல் மூன்றோடு நின்றுபோன வரிசைகள் பல.

அவ்வாறு போனவர்களுள் ஒருவர் அடுத்த பருவத்தில் தானாகவே வந்து காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்திக் காட்டினார். திருக்கை குத்திய கெண்டைக்கால் மூடியிருந்தது. கறுத்த தோலில் புதுத்தோல் முதலில் இளஞ்சிவப்பாகவே வரும், நிறக்கலங்கள் பிந்தியே விளிம்பிலிருந்தும் மயிர்க்குழிகளிலிருந்தும் ஊர்ந்து சேரும். அவரது வடுவின் நடுவில் மயிர்க்குழி தப்பிய இடங்களிலெல்லாம் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள் முளைத்திருந்தன, விளிம்போரம் ஒரு நூலளவு கருமை உள்ளே வந்திருந்தது. யன்னல் சாத்தப்பட்டு, சாம்பல் விரிப்பு போடப்பட்டு, அளவுகோலோடு இரண்டு கால்களும் சேர்த்துப் படமெடுக்கப்பட்டது. மற்றக் காலோடு ஒப்பிடுகையில் நடுப்பகுதி இன்னும் வெளிறியே இருந்தது. அடுத்த படத்துக்கான திகதி கொப்பியில் எழுதிக் கொடுக்கப்பட்டது.